மக்களிசை விழா வளர்கிறது. தங்கவயலின் மேளம் வளருமா?

ஸ்கெலட்டன் (கோலார் தங்கவயல்):

சென்னையில் மார்கழி மாதம் என்றால் சபாக் கச்சேரி என்பது நெடுநாளைய வழக்கம். அதே மார்கழியில் பறைக்கும் கானாவுக்கும் ஒப்பாரிக்கும் மேடை போடுவது என்று புறப்பட்டது ‘மார்கழியில் மக்களிசை’ விழா. திரைப்பட இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் இதைச் சென்னையில் தொடங்கியது. மறு ஆண்டே மதுரை, கோவை என்று விரிந்தது. 2023 டிசம்பரில் மாநில எல்லையையும் தாண்டிக் கோலார் தங்கவயலுக்கு வந்து சேர்ந்தது.

கர்நாடகத்தில் தமிழ் நிகழ்ச்சி என்றால் பெங்களூர்தான் முதலில் நினைவுக்கு வரும். அங்கே அரங்கங்கள் உண்டு. 1950-ல் தொடங்கிய தமிழ்ச் சங்கம் உண்டு. நன்கொடை கொடுக்கும் வணிகர்களும் உண்டு. அப்படியிருந்தும் சுரங்கம் மூடிக் கிடக்கும் ஊரை விழாக்காரர்கள் நாடி வந்தது ஏன்? விழா வந்து போன பிறகு உள்ளூர் மேளக்காரருக்கு மிஞ்சியது என்ன? இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் நாட்டுப்புறக் கலை விழாக்களின் இன்றைய வளர்ச்சியை எடைபோட முடியும்.

பெயரில் ஆங்கிலம், பேச்சில் தமிழ்

தங்கவயலின் இடப் பெயர்களைச் சொன்னாலே பாதி வரலாறு சொன்னதாகும். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப், கோரமண்டல், ஸ்கெலட்டன் என்று வெள்ளைக்காரன் வைத்த பெயர்கள் ஒரு பக்கம். உரிகம், மாரிகுப்பம் என்று மண்ணோடு வந்த பெயர்கள் மறுபக்கம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் புழங்குகிறவர்கள் தமிழ்த் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள்.

1880-ஆம் ஆண்டையொட்டி ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்தது. வடஆர்க்காடு, தென்னார்க்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். பெரும்பாலோர் நிலமற்ற ஆதிதிராவிடக் குடும்பத்தினர். மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய குடிசைகளில் வரிசை வரிசையாகக் குடியமர்த்தப்பட்டார்கள். அந்த வரிசைகளே ‘லைன்’ என்று பெயர் பெற்றன. 1902-ல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் இங்கே வந்தது. பெங்களூருக்கு மின்விளக்கு வந்ததே 1905-ல்தான். சுரங்க எந்திரத்துக்குப் போன மின்சாரம் தட்டி வீடுகளை எட்டிப் பார்க்க மேலும் பல காலம் ஆயிற்று.

வந்தவர்கள் கையில் நிலப் பத்திரமோ பணமோ கிடையாது. தலையிலும் நெஞ்சிலும் சுமந்து வந்தவை சில உண்டு. மாரியம்மனையும் திரௌபதியம்மனையும் கொண்டு வந்தார்கள். தாலாட்டும் ஒப்பாரியும் வந்தன. பாரதக் கூத்தின் நினைவும் வந்தது. கூடவே பறையும் வந்தது.

இந்த இடத்தில் பெங்களூரிலுள்ள வாசகர்களுக்கு நன்கு தெரிந்த ஒன்றைச் சொல்லலாம். சித்திரா பௌர்ணமியன்று தர்மராயசுவாமி கோயிலிலிருந்து புறப்படும் கரகம் பெங்களூரின் பெருவிழா. திரௌபதிக்கு எடுக்கும் அந்த விழாவை நடத்துகிறவர்கள் திகளர்கள். அவர்களது முன்னோர் தமிழகத்திலிருந்து வந்து தோட்டப் பயிர் செய்தவர்கள் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. தெற்கிலிருந்து வந்தவர்களின் தெருவிழா இன்று மாநகரமே தன் சொந்த விழாவாகக் கொண்டாடும் நிலையை அடைந்திருக்கிறது. புலம்பெயர்ந்தவரின் கலை வேற்று மண்ணில் வேர் பிடிக்காது என்பவர்களுக்குக் கரகமே பதில்.

வெட்கமா, பெருமையா?

நாட்டுப்புறக் கலை விழா பற்றிப் பேசுகிறவர்கள் பலர் ஒரு சங்கடத்தைத் தொடாமலே போய்விடுகிறார்கள். கரகத்தைச் சுமப்பது பெருமை. பறை அடிப்பது அப்படி இருந்ததில்லை. ஊரில் சாவு விழுந்தால் இன்னார் வந்து அடித்தே தீரவேண்டும் என்பது கட்டாய ஊழியமாக இருந்தது. கூலி கேட்டால் அடி. வர மறுத்தால் ஊர் விலக்கு. அந்தக் கொடுமையிலிருந்து தப்பிக்கவே பலர் தங்கவயலுக்கு ரயில் ஏறினார்கள் என்றால் அது மிகையாகாது. பூமிக்கடியில் பாறை வெடித்து உயிர் போகும் ஆபத்து உண்டு; நுரையீரலில் தூசி படிந்து நோய் வரும் என்பதும் தெரியும். இருந்தும் மாதம் பிறந்தால் சம்பளம். ஆண்டையின் வாசலில் நிற்க வேண்டியதில்லை.

இந்த ஊரில் சீர்திருத்த எண்ணம் வேர்விட்டதும் அந்தக் காரணத்தால்தான். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் 1907-ஆம் ஆண்டையொட்டியே மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைவிட்டது. பண்டிதர் 1914-ல் மறைந்த பிறகு அவருடைய நூல்களை அச்சிட்டுக் காப்பாற்றியது சாம்பியன் ரீஃபிலிருந்த சித்தார்த்த புத்தகசாலை. 1926 முதல் சில ஆண்டுகள் ஜி.அப்பாதுரையார் ஆசிரியராக இருந்து ‘தமிழன்’ இதழ் இங்கிருந்தே வெளிவந்தது. 1954-ல் டாக்டர் அம்பேத்கர் தங்கவயலுக்கு வந்தார். 1930-ல் கைரேகைப் பதிவை எதிர்த்தும், 1946-ல் கூலி, சங்க உரிமைக்காகவும் பெரும் வேலைநிறுத்தங்கள் நடந்தன.

இத்தகைய சூழலில் வளர்ந்த மக்கள் பறையை இரண்டு விதமாகப் பார்த்தார்கள். ‘இழிவின் சின்னம்; தூக்கி எறி’ என்றது ஒரு கட்சி. தென்னார்க்காட்டில் எல்.இளையபெருமாள் தலைமையில் சாவுக்குப் பறையடிக்க மறுக்கும் இயக்கமே நடந்தது. ‘அடிப்பவனை இழிவாக நடத்தியவன்தான் குற்றவாளி, மேளம் என்ன தப்புச் செய்தது?’ என்றது மற்றொரு கட்சி. இரண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. கட்டாயத்துக்கு அடிப்பது அடிமைத்தனம். தானாக விரும்பி, கூலி பேசி, மேடை ஏறி அடிப்பது கலை. கருவி ஒன்றுதான், அடிப்பவரின் நிலைதான் வேறு.

கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் இரண்டாம் கட்சியின் கை ஓங்கியிருக்கிறது. 1990-ல் திண்டுக்கல்லில் தொடங்கிய சக்தி கலைக்குழு, பெண்கள் கையிலேயே பறையைக் கொடுத்தது. அதுவரை பெண் பறையடிப்பதா என்று கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற இசைக்குழு முதல் முறையாக மேடை ஏறியது. ‘சாதியற்ற தமிழர்’ என்று அயோத்திதாசர் எழுதிய சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது.

விழாக்காரர்கள் தங்கவயலை நாடி வந்த காரணம் இங்கே விளங்குகிறது. எந்த எண்ணத்தின் மீது அந்த மேடை எழுப்பப்பட்டதோ, அந்த எண்ணம் அழியாமல் அச்சில் நின்றது இந்த ஊர்த் தொழிலாளிகளின் காசில். 2024 ஆகஸ்டில் வெளிவந்த இரஞ்சித்தின் ‘தங்கலான்’ திரைப்படமும் இந்த மண்ணின் கதைதான். ஆகவே தங்கவயலுக்கு விழா வந்ததைச் சலுகை என்று கருத வேண்டியதில்லை. வரவேண்டிய இடத்துக்கு அது சற்றுத் தாமதமாக வந்தது என்பதே பொருத்தம்.

மேடை கொடுத்த மதிப்பு

பெரிய விழாக்களால் நன்மை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. முதல் நன்மை மதிப்பு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிணத்துக்கு முன்னால் நடந்தவரை மேடையில் நிறுத்தி, பெயரைச் சொல்லி அழைத்து, ஆயிரம் பேர் உட்கார்ந்து கேட்பது சிறிய மாறுதல் அல்ல.

அரசாங்க விருதுகளிலும் இந்த மாறுதல் தெரிகிறது. 2023-ல் பத்மஸ்ரீ பெற்றவர்களில் ஒருவர் பிண்டிபாபனஹள்ளி முனிவெங்கடப்பா. ‘தமடே’ வாத்தியக் கலைஞர். அவருடைய ஊர் இன்று சிக்கபள்ளாபூர் மாவட்டத்தில் உள்ளது; 2007-ல் பிரியும்வரை அது கோலார் மாவட்டத்தின் பகுதி. 2025-ல் பத்மஸ்ரீ பெற்றவர்களில் மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானும் இருந்தார். இரண்டே ஆண்டு இடைவெளியில் இரண்டு மாநிலத்துத் தோல் வாத்தியக்காரர்கள் ஒரே விருதைப் பெற்றது கவனிக்கத்தக்கது.

தமடேயும் பறையும் பார்வைக்கே உடன்பிறப்புகள். வட்டமான சட்டம், ஒரு பக்கம் தோல், தோளில் மாட்டும் வார், இரண்டு குச்சிகள். அடிப்பதற்கு முன் தீயில் காய்ச்சி விறைப்பேற்றுவதும் ஒன்றே. அடித்தவர்களின் வாழ்க்கை, பட்ட அவமானம் எல்லாமும் ஒன்றுதான். மொழியின் பேரால் இரு மாநிலத்தார் மோதிக்கொண்ட காலங்கள் உண்டு. பெங்களூர் அல்சூரில் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் சாக்குத் துணியால் மூடிக் கிடந்ததும், 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டதும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதே மாதம் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. சிலைக்கு அத்தனை பேச்சுவார்த்தை தேவைப்பட்டது. பறையும் தமடேயும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அடிக்க யாருடைய பேச்சுவார்த்தையும் தேவையில்லை.

இரண்டாவது நன்மை, இளைஞர்களின் கவனம். சினிமாப் பாட்டைத் தவிர வேறு தெரியாது என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்ளும் பிள்ளைகள், கைப்பேசியில் பறையாட்டத்தைப் பார்த்து அடவு கற்கிறார்கள். மேடையில் பார்த்தது வீட்டுக் கிழவியின் பாட்டையும் காது கொடுத்துக் கேட்க வைக்கிறது. இதுவும் லாபம்தான்.

நின்றுபோன விழாக்கள் சொல்லும் பாடம்

ஆனால் மறுபக்கமும் உண்டு. பெரிய விழாவுக்குப் பெரிய செலவு. செலவைத் தாங்குபவர் கை விட்டால் விழாவும் போய்விடும்.

இதற்குச் சென்னை சங்கமமே சாட்சி. 2007-ல் தமிழ் மையம் என்ற அமைப்பும் தமிழக அரசாங்கத் துறைகளும் சேர்ந்து தொடங்கிய விழா அது. பூங்காக்களிலும் தெருக்களிலும் கரகம், ஒயில், தப்பாட்டம், தெருக்கூத்து என்று நகரமே களைகட்டியது. கிராமத்துக் கலைஞர்கள் நூற்றுக்கணக்கில் சென்னைக்கு வந்தார்கள். 2011-ல் ஆட்சி மாறியது, விழா நின்றது. மறுபடி நடந்தது 2023 ஜனவரியில். இடையில் பதினொரு பொங்கல்கள் போய்விட்டன. அந்த விழாவை நம்பிப் புது உடுப்பும் புது மேளமும் வாங்கிய குழுக்கள் இத்தனை ஆண்டும் என்ன செய்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டு என்பது ஒரு சிறுவன் வாலிபனாகி வேறு வேலைக்குப் போய்விடும் காலம்.

நேர்மாறான உதாரணம் கோலார் மாவட்டத்திலேயே இருக்கிறது. கோலார் ஊருக்குப் பக்கத்தில் தேரஹள்ளி மலைமேல் ‘ஆதிமா’ என்று ஒரு பண்பாட்டு மையம் உண்டு. கன்னட எழுத்தாளரும் தலித் இயக்கத்தவருமான கோட்டிகானஹள்ளி ராமய்யா நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கியது. அங்கே பௌர்ணமிதோறும் ‘ஹுண்ணிமே ஹாடு’, அதாவது பௌர்ணமிப் பாட்டு, என்ற நிகழ்ச்சியை மாதம் தவறாமல் நடத்தி நூறு பௌர்ணமிகளையும் தாண்டினார்கள். நிலா வெளிச்சம், பாறைத் தரை, நாடகமோ பாட்டோ, கடைசியில் எல்லோருக்கும் சாப்பாடு. சுற்றுவட்டாரக் கிராமத்தார் நடந்தும் வண்டியிலும் வந்தார்கள்.

இரண்டையும் ஒப்பிட்டால் ஒரு செய்தி விளங்கும். சங்கமம் கூட்டத்தால் வளர்ந்தது. பௌர்ணமிப் பாட்டு பழக்கத்தால் வளர்ந்தது. கூட்டம் ஆதரவாளரைப் பொறுத்தது. பழக்கம் அந்த ஊர்க்காரரைப் பொறுத்தது. தங்கவயலில் நாட்டுப்புற விழா எந்த வழியில் வளரப் போகிறது என்பதே இப்போது உள்ள கேள்வி.

சம்பளம் நின்றதும் மேளம் மெலிந்தது

இந்த ஊரில் விழா என்பது முன்பு யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து தரவேண்டியதாக இருக்கவில்லை. லைனுக்கு லைன் கோயில். கோயிலுக்கு ஒரு திருவிழா. சம்பள நாளைப் பார்த்து வசூல் நோட்டு சுற்றும். மாதச் சம்பளக்காரர்கள் வாழும் ஊரில் வசூலுக்குக் குறைவிருக்காது. மேளக்காரருக்கும் கூத்துக்காரருக்கும் கூலி அந்த நோட்டிலிருந்துதான் போனது. பிறகு மெல்லிசைக் குழுக்கள் வந்தன. சினிமாப் பாட்டுக் கச்சேரி கூத்தின் இடத்தைப் பிடித்தது. அப்போதும் ஊர்வலத்தின் முன்னால் மேளம் இருந்தது.

சுரங்கம் 1956-ல் மைசூர் ராஜ்ய அரசாங்கத்தின் கைக்கும், 1962-ல் மத்திய அரசாங்கத்தின் கைக்கும் மாறியது. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் வெளியே வந்தார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கத்தில் தண்ணீர் ஏறியது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் அதிகமான தங்கத்தை வெளியே அனுப்பிய ஊரில் சம்பள நாள் என்ற ஒன்றே இல்லாமல் போனது. மாதச் சம்பளம் நின்ற இடத்தில் வசூல் நோட்டும் மெலியாமல் என்ன செய்யும்?

அடுத்த தலைமுறை பெங்களூர் ரயிலைப் பிடித்தது. விடியும் முன்பே மாரிகுப்பம், சாம்பியன், கோரமண்டல் நிலையங்களில் ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள். பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் போய் வேலை பார்த்து, இரவு வீடு திரும்புகிறார்கள். செக்யூரிட்டி, தையல் ஆலை, கட்டட வேலை, ஆபீஸ் குமாஸ்தா, கணினி வேலை என்று எல்லாம் உண்டு. போக வரப் பல மணி நேரம் ரயிலிலேயே கழிகிறது. இந்த வாழ்க்கையில் ஒத்திகைக்கு நேரம் எங்கே? ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மிச்சம். அன்று துணி துவைக்க வேண்டும், ரேஷன் வாங்க வேண்டும், தூங்கவும் வேண்டும்.

ஆகவே தங்கவயலின் கலைப் பிரச்சினைக்கு ரசனைக் குறைவைக் காரணம் சொல்லிப் பயனில்லை. நேரமும் காசும்தான் இல்லை. விழா நடத்துகிறவர்கள் இதை உணர்ந்தால்தான் அவர்கள் முயற்சி ஊருக்குப் பயன்படும்.

எந்த அரசாங்கம் கலைஞரை எண்ணும்?

கர்நாடகத் தமிழ்க் கலைஞருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. தமிழ்நாட்டில் 2007-ல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அமைக்கப்பட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்குச் சில உதவிகள் கிடைக்கின்றன. ஆனால் அது தமிழ்நாட்டில் வாழும் கலைஞர்களுக்கானது. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இரண்டு மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கிற தங்கவயல் கலைஞர் அதற்கு அந்நியர்.

கர்நாடகத்தில் ஜானபத அகாடமி இருக்கிறது. கன்னடப் பண்பாட்டுத் துறை வயதான கலைஞர்களுக்கு மாத உதவித்தொகை தருகிறது. ஹாவேரி மாவட்டத்தில் நாட்டுப்புறக் கலைக்கென்றே ஒரு பல்கலைக்கழகமும் உண்டு. கதவு இருக்கிறது, ஆனால் தட்டுகிறவர் குறைவு. விண்ணப்பத்தைக் கன்னடத்தில் எழுத வேண்டும். எந்தக் கலை என்று கேட்ட இடத்தில் ‘பறை’ என்று போட்டால் அதிகாரிக்குப் புரியுமா என்ற தயக்கம் வேறு. இங்கே பிறந்து, இங்கே ஓட்டுப் போட்டு, இங்கேயே வரி கட்டும் கலைஞர் கர்நாடகக் கலைஞர்தான். அவர் அடிப்பது இந்த மாவட்டத்துத் தமடேயின் உடன்பிறப்பு. உரிமையோடு கேட்பதில் தவறொன்றுமில்லை. இந்த விண்ணப்பங்களை எழுதிக் கொடுப்பது படித்த குமாஸ்தாக்கள் செய்யக்கூடிய எளிய உதவி. ஒரு ஞாயிறு மாலை போதும்.

கற்றுக் கொடுப்பவர் யார்?

விழாவின் வளர்ச்சியைக் கூட்டத்தை வைத்து அளப்பது எளிது. சரியான அளவு வேறு. விழா முடிந்த அடுத்த மாதம் எத்தனை பிள்ளைகள் புதிதாகக் குச்சியைப் பிடித்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

கற்றுக் கொடுப்பதற்கும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. காஞ்சிபுரம் பக்கத்தில் கட்டைக்கூத்துச் சங்கம், பள்ளிப் படிப்பையும் கூத்தையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் குருகுலம் ஒன்றை 2002 முதல் நடத்தியது. ஆண் பிள்ளை மட்டுமே ஆடிய கூத்தைப் பெண் பிள்ளைகளும் கற்று ஆடினார்கள். அந்தக் குருகுலம் 2020-ல் மூடப்பட்டது. பதினெட்டு ஆண்டு நடத்தியவர்களுக்கே தொடர்வது கடினம் என்றால், கற்பித்தல் எவ்வளவு செலவும் பொறுமையும் கேட்கிற வேலை என்பது தெரிகிறது. ஒருநாள் மேடைக்கு நன்கொடை கிடைக்கும். ஆண்டு முழுவதும் ஆசிரியர் சம்பளத்துக்குக் கிடைப்பது அரிது.

தங்கவயலுக்குக் குருகுலம் வேண்டும் என்று யாரும் பெரிதாக ஆசைப்பட வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், ஒரு லைனில் ஒரு திண்ணை, பழைய கை ஒருவர், பத்துப் பிள்ளைகள் போதும். அடவுகளுக்கு எழுத்துக் கிடையாது. ஒருவர் அடித்துக் காட்ட, மற்றவர் பார்த்து அடித்துத்தான் அவை வந்திருக்கின்றன. பழைய கை மறைந்தால் அந்த அடவும் அவரோடு போய்விடும். ஒப்பாரியும் அப்படியே. சுரங்கத்தில் பாறை வெடித்து மாண்டவர்களுக்காகப் பெண்கள் பாடியதை யாரும் அச்சிட்டு வைக்கவில்லை. பாடிய பெண்களில் உயிரோடு இருப்பவர்களுக்கு வயதாகிவிட்டது. கைப்பேசி இல்லாத வீடு இன்று இல்லை. பாட்டியைப் பாடச் சொல்லிப் பதிவு செய்துகொள்ள யாருடைய உத்தரவும் வேண்டாம்.

இதில் மொழியும் அடங்கியிருக்கிறது. தங்கவயல் பிள்ளைகள் பலர் இன்று ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் படிக்கிறார்கள். பிழைப்புக்கு அது வேண்டியதுதான். தமிழ் எழுத்து அறியாத பிள்ளைக்கும் தமிழ்ப் பாட்டு வாயில் நிற்கும். ஏட்டில் தமிழ் குறைந்துவரும் இடத்தில் பாட்டுத்தான் அதைக் கொஞ்சமேனும் தாங்கிப் பிடிக்கும்.

கூலி என்ற பேச்சு

கடைசியாகக் கூலி. கலைச்சேவை என்ற பேரில் நாட்டுப்புறக் கலைஞருக்குச் சால்வையும் சான்றிதழும் கொடுத்து அனுப்புகிற வழக்கம் பல இடங்களில் உண்டு. மேடை அமைப்பாளருக்குக் காசு, ஒலிபெருக்கிக்காரருக்குக் காசு, பந்தல்காரருக்குக் காசு. மேளம் அடித்தவருக்கு மட்டும் கைதட்டல் என்றால் அது பழைய ஊழியத்தின் புதிய வேஷம். தொழிற்சங்கம் கண்ட ஊர் தங்கவயல். வேலைக்கு ஏற்ற கூலி என்பதை இந்த ஊருக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. எந்த விழாவுக்குக் கூப்பிட்டாலும் தொகை, பயணப்படி, சாப்பாடு ஆகியவற்றை முன்கூட்டியே பேசி எழுதி வாங்கிக்கொள்வது குழுக்களுக்கு நல்லது. ஒரு நாள் மேடைக்குப் போகும் தொழிலாளி அன்றைய கூலியை இழந்துதான் போகிறார் என்பதை அழைப்பவர்களும் நினைவில் வைக்க வேண்டும்.

செய்யக் கூடியது

மார்கழி விழா தங்கவயலுக்கு வந்தது நல்ல தொடக்கம். அது ஆண்டுதோறும் வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது சரியல்ல. வெளியூர் மேடை விளக்கேற்றி வைக்கும். எண்ணெய் ஊற்ற வேண்டியவர்கள் ஊர்க்காரர்கள்.

தங்கவயலுக்கென்று ஒரு நாளைக் குறித்துக்கொள்ளலாம். சுரங்கம் மூடிய பிப்ரவரி 28-ஆக இருக்கலாம், மே தினமாக இருக்கலாம், பொங்கலாகவும் இருக்கலாம். வெளியூர்க் குழுவைக் கூப்பிடுவதற்கு முன் லைனுக்கு ஒரு குழுவாக உள்ளூர்க்காரர்களை மேடை ஏற்றலாம். பக்கத்துக் கிராமங்களின் தமடேக் குழுக்களையும் அழைக்கலாம். பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கும் தங்கவயல் பிள்ளைகள் மாதம் ஒரு சிறு தொகை கொடுத்தால் ஒரு ஆசிரியருக்குச் சம்பளம் ஆகும். பழைய வசூல் நோட்டை இன்று கைப்பேசியிலேயே சுற்றிவிட முடியும்.

2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, தங்கவயலின் 13 சயனைடு மண்மேடுகளில் மிச்சமுள்ள தங்கத்தைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசாங்கத்தின் யோசனைக்கு இசைவு தந்தது. சுமார் 1,000 ஏக்கரில் கிடக்கும் கழிவு மண்ணில் இன்னும் பொன் இருக்கிறது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். கழிவு என்று ஒதுக்கியதில் விலையுள்ள பொருள் இருப்பது அரசாங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. இழிவு என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்ட மேளத்தின் மதிப்பும் நாட்டுக்குத் தெரிந்திருக்கிறது. மண்மேட்டுத் தங்கம் எடுத்தவுடன் வெளியூர் போய்விடும். மேளத்தை ஊரிலேயே நிறுத்திக்கொள்வது தங்கவயல் மக்களின் கையில்தான் இருக்கிறது.